தொட்டி ரெடி... தண்ணி எங்கே போகும்?

வீட்டுக்குள்ள இன்ஜினீயரிங்

செமஸ்டர் லீவு விட்டாச்சு. ஊருக்கு வந்து இறங்கின முதல் நாள் அம்மா கை சாப்பாடு, ரெண்டாவது நாள் பழைய ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ். மூணாவது நாள் என்ன பண்றதுன்னு தெரியாம கடைத்தெருவுல சும்மா நடந்துட்டு இருப்பீங்க. அப்போதான் அந்தக் கடை கண்ணுல படும். நீல லைட், குமிழ் விடுற மோட்டார், வால் ஆட்டுற ஆரஞ்சு கலர் கோல்டு ஃபிஷ். "வாங்கிப் போட்டா ஹால் சும்மா ஜொலிக்குமே!"ன்னு மனசு சொல்லும். பர்ஸும் ஏதோ ஒரு பலவீனத்துல தலையாட்டிடும்.

கடைக்காரர் தொட்டி கொடுப்பார், ஸ்டாண்டு கொடுப்பார், ஃபில்டர், கல்லு, பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடுற பொம்மை முதலை வரைக்கும் பார்சல் பண்ணிக் கொடுப்பார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவரும் கேட்க மாட்டார், நாமளும் கேட்க மாட்டோம். "வாரா வாரம் எடுக்கப் போற அழுக்குத் தண்ணி, எந்த வழியா வெளியே போகும்?"

சிரிக்காதீங்க பாஸ். ஆசையா வாங்கின பல தொட்டி ஆறு மாசத்துல மொட்டை மாடிக்குப் போய், காலி பெயின்ட் டப்பா பக்கத்துல உட்கார்ந்துடுது. காரணம் கேட்டா "டைம் இல்லை"ம்பாங்க. கொஞ்சம் தோண்டிப் பார்த்தா வாளி தூக்கித் தூக்கி அலுத்துப்போனதுதான் மேட்டரா இருக்கும்!

முதல்ல, ஏன் மாத்தணும்?

மீன் சாப்பிடுது, கழிவு போடுது. அந்தக் கழிவுல இருந்தும், மிச்சம் கிடக்கிற தீனியில இருந்தும் அமோனியா வரும். அமோனியா மீனுக்கு விஷம். நல்லவேளை, ஃபில்டர் பஞ்சுலயும் கல்லுலயும் குடியிருக்கிற ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் கொஞ்சம் சாது. ஆனா அது தானா எங்கேயும் போகாது, தண்ணியில சேர்ந்துகிட்டே இருக்கும். அதைக் குறைக்கத்தான் வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்துறோம்.

கால்வாசிதான்! மொத்தத் தண்ணியையும் கொட்டி, கல்லை சோப்புப் போட்டுத் தேய்ச்சு, 'பளிச்'னு ஆக்குற ஆளுங்க இருக்காங்க. அவங்க கழுவி விடுறது அழுக்கை மட்டுமில்லை, அந்த பாக்டீரியா குடும்பத்தையே! அடுத்த சில நாள்ல அமோனியா ஏறி மீன் மிதக்கும்போது கடைக்காரரைத் திட்டுவாங்க. ஃபில்டர் பஞ்சை குழாய்த் தண்ணியில கழுவினாலும் இதே கதைதான், குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுடும். தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே அலசுங்க. ஆக, வெளியே எடுத்த தண்ணிக்கு முதல் வேலை கிடைச்சாச்சு.

இப்போ கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டின்னா 2 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 57 லிட்டர். கால்வாசி 14 லிட்டர், ஒரு வாளி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னா? "ஒரு அடிதானே கூட!"ன்னு தோணும். கணக்குப் போட்டா 191 லிட்டர் வருது. கால்வாசி 48 லிட்டர். வாரா வாரம் மூணு வாளி!

நம்ம தரைக்கு அடியில என்ன இருக்கு?

அமெரிக்கப் படங்கள்ல பார்த்திருப்பீங்க. அங்கே பல மர வீடுகள்ல தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு ஆள் தவழ்ந்து போற அளவுக்கு இடம் விட்டிருப்பாங்க. குழாய், ஒயர் எல்லாம் அந்தச் சந்துலதான் ஓடும். மீன் தொட்டிக்குப் பின்னாடி தரையில ஒரு ஓட்டை போட்டு, கீழே ஓடுற கழிவுக் குழாயோட ஒரு பைப்பை இணைச்சா வேலை முடிஞ்சது.

நம்ம ஊர் வீட்டுல? நான் சின்னசேலத்துல இருந்து எழுதுறேன். பஸ்ஸுல வந்தா கள்ளக்குறிச்சிக்கும் ஆத்தூருக்கும் நடுவுல, ரயில்ல வந்தா சேலம் - விருத்தாசலம் லைன்ல இருக்கிற ஊர். 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம். இங்கேயும் சரி, நீங்க இருக்கிற ஊர்லயும் சரி, வீடு கட்டுற முறை ஒண்ணுதான். கடைக்கால் எடுத்து, பேஸ்மென்ட் உயரத்துக்குச் சுவர் கட்டி, உள்ளே மண்ணோ கிராவலோ கொட்டி, தண்ணி விட்டு திமிசு போட்டு இறுக்கி, மேலே காங்கிரீட், அதுக்கு மேலே டைல்ஸ். காலுக்குக் கீழே சந்தும் கிடையாது, பொந்தும் கிடையாது. எறும்பு போறதே பெரிய விஷயம்!

பாத்ரூம்லயும் சமையல்கட்டுலயும் மட்டும் வீடு கட்டும்போதே குழாய் வெச்சிருப்பாங்க. ஹால்ல ஒண்ணும் இருக்காது. பாட்டி காலத்து முற்றம் வெச்ச வீட்டுல நடு வீட்டுலயே தண்ணி போக வழி உண்டு. கூரையில பெய்யுற மழை முற்றத்துல விழுந்து, சலதாரை வழியா வெளியே போயிடும். நாம முற்றத்தை மூடி டைல்ஸ் ஒட்டிட்டோம். இப்போ ஹால்ல ஒரு டம்ளர் தண்ணி கொட்டினாலும் துணி எடுத்துட்டு ஓடணும்.

"டைல்ஸை உடைச்சு பைப்பைப் புதைச்சா என்ன?"ன்னு ஒரு சிவில் மச்சான் கேட்பான். வேண்டாம்னு சொல்லுங்க. மண்ணுக்குள்ள புதைஞ்ச ஜாயின்ட் ஒழுக ஆரம்பிச்சா கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது சுவர்ல ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி, கரையான் குடிவந்து, அப்பாவோட பி.பி.யும் சேர்ந்து ஏறியிருக்கும். வாடகை வீடுன்னா கேட்கவே வேண்டாம், அட்வான்ஸுக்கு டாட்டா!

கீழே வழி இல்லைன்னா மேலே போ

இங்கேதான் நம்ம ஃபிஸிக்ஸ் கைகொடுக்குது. தண்ணி வெளியே போகத் தரைக்குக் கீழேதான் வழி இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. தொட்டியோட தண்ணி மட்டம், தண்ணி விழுற இடத்தைவிட உயரமா இருந்தா போதும். நடுவுல குழாய் மேலே ஏறி இறங்கலாம். இதுதான் சைஃபன். வெளியே தொங்குற பக்கத்துல இருக்கிற தண்ணி தன் எடையால கீழே இழுக்கும், தொட்டிப் பக்கத்துல காத்தோட அழுத்தம் பின்னாடி இருந்து தள்ளும். கடல் மட்டத்துல கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரம் வரைக்கும் காத்தழுத்தம் தண்ணியைத் தாங்கும். நம்ம ஜன்னல் திட்டு எல்லாம் அதுக்கு ஒரு உயரமே இல்லை!

அதனால ஹால்ல ஓட்டை இல்லைன்னு கவலைப்படாதீங்க. ஓஸை ஜன்னல் கம்பிக்கு நடுவுல விட்டு வெளியே தொங்கவிடுங்க. இல்லைன்னா வாசப்படி தாண்டிக் கொண்டு போங்க. படி ஏறி இறங்கிக்கூட தண்ணி ஓடும், ஓஸுக்குள்ள காத்துக் குமிழ் இல்லாம இருந்தா.

எவ்வளவு நேரம் ஆகும்? 12 மில்லிமீட்டர் உள்விட்டம் இருக்கிற ஓஸ், தண்ணி மட்டத்துக்கும் வாளி வாய்க்கும் 75 சென்டிமீட்டர் வித்தியாசம்னு வெச்சுக்குங்க. ஓஸ் 2 மீட்டர்னா 15 லிட்டர் வாளி நிறைய சுமார் ஒன்றரை நிமிஷம். அதே ஓஸ் 10 மீட்டர் நீண்டு வாசல் வரைக்கும் போச்சுன்னா குழாய்ச் சுவரோட உராய்வு கூடி, 3 நிமிஷம் ஆகும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவங்களும் வீட்டுலயே வாட்ச் வெச்சு செக் பண்ணிப் பார்க்கலாம்!

ரெண்டு விஷயம் கவனம். பைக்குல பெட்ரோல் எடுக்கிற மாதிரி வாயால உறிஞ்சாதீங்க. தொட்டித் தண்ணியில வயித்தைக் கலக்குற கிருமியும் இருக்கும். ஓஸைக் குழாயில வெச்சு தண்ணி நிரப்பி, ரெண்டு பக்கமும் கட்டை விரலால அடைச்சு, ஒரு முனையைத் தொட்டிக்குள்ள விட்டுட்டு, இன்னொண்ணைக் கீழே இறக்கித் திறங்க. கையில வெட்டுக்காயம் இருந்தா கையுறை போட்டுக்குங்க, இல்லைன்னா வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க.

ரெண்டாவது, சைஃபனுக்கு நிறுத்தத் தெரியாது. நீங்க போன் வந்துச்சுன்னு மாடிக்குப் போனா, திரும்பி வரும்போது மீன் கல்லு மேலே துடிச்சுக்கிட்டு இருக்கும். இதுக்கு ஒரு சிம்பிள் டெக்னிக். எந்த மட்டம் வரைக்கும் தண்ணி குறையணுமோ அந்த மட்டத்துல உறிஞ்சு முனையைக் கிளிப் போட்டு நிறுத்திடுங்க. தண்ணி அதுக்குக் கீழே போனதும் ஓஸுக்குள்ள காத்து நுழையும், சைஃபன் தானா அறுந்துடும். கல்லுக்கு நடுவுல இருக்கிற அழுக்கை எடுக்கணும்னா, அதை முதல் ரெண்டு நிமிஷம் கையில பிடிச்சு எடுத்துட்டு, அப்புறம் கிளிப் போடுங்க.

5 டன்னை யார் தூக்குறது?

லீவுல இருக்கிற வரைக்கும் எல்லாம் ஜோர். ஜூன்லயோ ஜனவரியிலயோ நீங்க பையைத் தூக்கிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிடுவீங்க. சேலமோ சென்னையோ கோயம்புத்தூரோ... தொட்டி உங்ககூட வராது. "அம்மா, மீனைப் பார்த்துக்கோம்மா"ன்னு பஸ் ஏறும்போது சொல்லிட்டுப் போவீங்க. அம்மாவும் "சரிடா, நீ ஒழுங்கா சாப்பிடு"ம்பாங்க.

அந்தச் 'சரிடா'வோட எடை எவ்வளவுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 அடித் தொட்டிக்கு வாரம் 48 லிட்டர் வெளியே. வருஷத்துக்கு 52 வாரம். கிட்டத்தட்ட 2,500 லிட்டர். அதே அளவு புதுத் தண்ணி உள்ளே. மொத்தம் 5,000 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஆக, வருஷத்துக்கு 5 டன்! முட்டி வலிக்குத் தைலம் தேய்ச்சுட்டுத் தூங்குற நம்ம அம்மா, ஈர டைல்ஸ் மேலே, ஒரு ஓரமா சாய்ஞ்சு, ஒவ்வொரு வாளியா தூக்குற 5 டன். நாம ஹாஸ்டல்ல உட்கார்ந்து வீடியோ கால்ல "மீன் எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்போம். அவங்க எப்படி இருக்காங்கன்னு சில சமயம் கேட்க மறந்துடுவோம்.

அதனால தண்ணி போற வழியை நீங்க ஊர்ல இருக்கும்போதே செஞ்சு வெச்சுட்டுப் போங்க. யாரும் வாளி தூக்காத மாதிரி. அதுக்கு ரெண்டு வேலைதான்.

வெளியே போற தண்ணிக்கு: சொந்த வீடுன்னா தொட்டிக்குப் பின்னாடி சுவர்ல, தரைக்கு மேலே தெரியுற மாதிரி முக்கால் இன்ச் பி.வி.சி. பைப்பை ஓட்டி, சுவர்ல ஒரு துளை போட்டு வெளியே எடுத்துடலாம். 50-க்கு 1 சரிவு வைங்க. 6 மீட்டர், அதாவது 20 அடி ஓட்டத்துக்கு 12 சென்டிமீட்டர் இறக்கம் வரும். ஸ்டாண்டு உயரமே 75 சென்டிமீட்டர் இருக்கிறதால இடம் தாராளம். பைப் வெளியே தெரியுறதுதான் இதுல பெரிய ப்ளஸ், ஒழுகினா உடனே கண்ணுல படும். வெளி முனையில வலை கட்டிடுங்க. இல்லைன்னா கரப்பான், பல்லி எல்லாம் விருந்தாளியா வரும். வாடகை வீடுன்னா ஜன்னல் ஓஸே போதும், ஹவுஸ் ஓனர் முகமும் மாறாது.

உள்ளே வர்ற தண்ணிக்கு: ஏர் கூலர்ல போடுற குட்டி மோட்டார் ஒண்ணு. தரையில இருக்கிற டிரம்மில இருந்து 4 அடி உயரத் தொட்டிக்கு அது அலட்டிக்காம ஏத்தும். டிரம்மை ஹாலுக்குள்ள இழுக்க வேண்டாம், ஓஸை மட்டும் நீட்டுங்க. மோட்டார் ஓடும்போது டிரம்முக்குள்ள கை விடக் கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டேயும் சொல்லி வைங்க. பேரூராட்சிக் குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த டிரம்ல வெச்சிருந்தா பெரும்பாலும் போயிடும். அவசரம்னா கடையில 'ஆன்டி குளோரின்'னு விக்கிற சோடியம் தயோசல்ஃபேட் சொட்டு இருக்கு. போர் தண்ணி கொஞ்சம் உப்பா, கடினமா இருந்தா பயப்படாதீங்க. கப்பி, மாலி மாதிரி மீனுக்கெல்லாம் அது நல்லாவே ஒத்துக்கும். அதை விட்டுட்டு 20 லிட்டர் கேன் தண்ணி வாங்கி மீனுக்கு ஊத்துற ஜமீன்தார்களுக்கு இந்தப் பக்கம் அனுமதி இல்லை!

கரண்டோட விளையாடாதீங்க

சைஃபன் நமக்கு நண்பன். சில நேரம் அவனே வில்லன். குமிழ் விடுற ஏர் மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுல வெச்சிருப்பீங்க. கரண்ட் போச்சுன்னா அந்த மெல்லிசான டியூப் வழியா தண்ணி பின்னோக்கி இறங்கி மோட்டாருக்குள்ள போக சான்ஸ் இருக்கு. திரும்பக் கரண்ட் வரும்போது என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வைங்க. இல்லைன்னா சில ரூபாய் செலவுல நடுவுல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில போடவே கூடாது. பிளக்குக்குப் போற ஒயரை, பிளக்கைவிடக் கீழே கொஞ்சம் தொங்குற மாதிரி விடுங்க. ஒயர் வழியா ஒழுகுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், பிளக்குக்குப் போகாது. தண்ணி மாத்தும்போது ஃபில்டர், லைட், ஹீட்டர் எல்லாத்தோட பிளக்கையும் பிடுங்கிட்டுத்தான் தொட்டிக்குள்ள கை விடணும். சுவிட்சை மட்டும் ஆஃப் பண்றது பத்தாது. தண்ணிக்கு வெளியே ஓடுற ஹீட்டர் கண்ணாடி வெடிக்கும்கிறதையும் ஞாபகம் வெச்சுக்குங்க. வீட்டு மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர்ல கட் ஆகுற ஆர்.சி.சி.பி. இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இல்லைன்னா மீன் வாங்குற காசை அதுக்குப் போடுங்க. மீன் அடுத்த மாசம் வரும்.

ஓஸோட அந்த முனை எங்கே?

இப்போதான் முக்கியமான கட்டம். இவ்வளவு கஷ்டப்பட்டு வெளியே கொண்டுவந்த தண்ணியை எங்கே விடப் போறீங்க? தெருச் சாக்கடைன்னு கை காட்டுறவங்க கொஞ்சம் பொறுங்க.

எங்க ஊர்ப் பக்கம் பாறைப் பூமி. கோடை வந்தா கிணத்துல தண்ணி எங்கேன்னு எட்டிப் பார்க்கணும். போர் போடுற வண்டி சத்தம் கேட்டா தெருவே வேடிக்கை பார்க்கும். குடத்தோட வரிசையில நிக்கிறவங்க கண்ணு முன்னாடி 48 லிட்டர் தண்ணியைச் சாக்கடையில விட்டா மனசாட்சி உறுத்தும். அதுவும் இது சாதாரணத் தண்ணியா? மீனுக்கு வேண்டாத நைட்ரேட், செடிக்கு பிரியாணி! நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் கரைஞ்சே இருக்கு. காசு கொடுத்து உரம் வாங்கிக் கரைச்சு ஊத்துற வேலையை மீன் இலவசமா செஞ்சு வெச்சிருக்கு.

வாழை, கறிவேப்பிலை, மல்லி, செம்பருத்தி, முருங்கை... எதுக்கு வேணும்னாலும் வேர்ப் பக்கத்துல ஊத்துங்க. கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சையா சாப்பிடுறதுக்கு வேண்டாம். மாடி வீடு, மண்ணே இல்லைங்கிறவங்க கீழ் வீட்டு அக்காகிட்ட கேட்டுப் பாருங்க. "தம்பி, அதை ஏன் கொட்டுறே? என் மல்லிச் செடிக்கு ஊத்து"ன்னு அவங்களே ஓஸைப் பிடிச்சு இழுத்துக்குவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு உங்க அம்மாவுக்கு ஒரு முழம் பூ வந்தா ஆச்சர்யப்படாதீங்க.

தோட்டம் இல்லை, ஆனா கொஞ்சம் காலி இடம் இருக்குன்னா உறிஞ்சுகுழி. 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம். உடைஞ்ச செங்கல், ஜல்லி, மேலே மணல். குழியோட கொள்ளளவு 760 லிட்டருக்கு மேல. கல்லுக்கு நடுவுல மூணுல ஒரு பங்கு இடம்னு வெச்சாலும் 250 லிட்டர் வாங்கும். வாரம் 48 லிட்டர் அதுக்கு ஒரு வாய். வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டாதீங்க, ஈரம் கடைக்காலுக்குப் போகும். கிணறு, போர் பக்கமும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுல 2003-ல இருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழி உங்க வீட்டுலயும் இருக்கும். "ரெடிமேட் குழி கிடைச்சுது"ன்னு மீன் தண்ணியை அதுக்குள்ள விட்டுடாதீங்க. அது நேரா நிலத்தடி நீருக்குப் போற வழி. குடிதண்ணியில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. நடுவுல நைட்ரேட்டை உறிஞ்சுக்க வேரும் இல்லை, மேல்மண்ணும் இல்லைன்னா அது உங்க போருக்கே திரும்பி வரும். மழைக் குழிக்கு மழை மட்டும்!

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து கல்லுப்பு போட்டிருந்தா அந்தத் தண்ணி செடிக்கு ஆகாது. மெத்திலீன் புளூ, மாலகைட் கிரீன், ஆன்டிபயாடிக் போட்டிருந்தாலும் அப்படியே. முதல்ல ஃபில்டர்ல கரி போட்டு ஒரு நாள் ஓட விடுங்க, சாயம் பெருமளவு கரியில ஒட்டிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கழிவறையில ஊத்துங்க. தெருவுலயும் வேண்டாம், தோட்டத்துலயும் வேண்டாம்.

வாளியில ஒளிஞ்சு போறவங்க

தெருச் சாக்கடை வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. எந்த ஊர்ச் சாக்கடையும் பள்ளத்தைத் தேடித்தான் போகும். பள்ளத்துல இருக்கிறது ஓடையோ ஏரியோ. உங்க வாளியில தண்ணி மட்டும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத கப்பிக் குஞ்சு, நத்தை முட்டை, செடித் துணுக்கு எல்லாம் டிக்கெட் எடுக்காமப் போகும்.

"நாலு மீன் போனா ஏரிக்கு என்ன?"ன்னு கேட்கலாம். கடையில 'டேங்க் கிளீனர்', 'சக்கர்'னு ரெண்டு இன்ச்ல விக்கிறாங்களே, கண்ணாடியில வாயை ஒட்டிக்கிட்டு பாசி தின்னும் கறுப்பு மீன், அதையே எடுத்துக்குங்க. தென் அமெரிக்காக்காரர். ஒரு அடிக்கு மேல வளருவார். வளர்ந்ததும் தொட்டி பத்தாது, ராத்திரியோட ராத்திரியா ஏரிக்குக் கொண்டுபோய் விட்டுடுவாங்க. நம்ம நீர்நிலைகள்ல இந்த மீன் இருக்கிறதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. உடம்பெல்லாம் முள்ளுத் தகடு. வலையில மாட்டினா வலை கிழியும், சந்தையில விலை போகாது. ஆக்சிஜன் குறைஞ்ச அழுக்குத் தண்ணியிலயும் மேலே வந்து காத்தை விழுங்கிப் பிழைச்சுக்கும். முட்டை போடக் கரையில வளை தோண்டும். நம்ம ஏரிக் கரை மண் கரைங்கிறது ஞாபகம் இருக்கட்டும். நம்ம கெண்டையும் அயிரையும் தின்ன வேண்டிய பாசியையும் அதுவே தின்னும்.

செடியும் லேசுப்பட்டது இல்லை. ஏரி ஏரியா மூடிக் கிடக்கிற ஆகாயத் தாமரை நம்ம ஊர்ச் செடியே கிடையாது. 19-ம் நூற்றாண்டு முடியுற சமயத்துல, பூ அழகா இருக்குன்னு தென் அமெரிக்காவுல இருந்து வங்காளத்துக்கு வந்தது. அழகுக்கு வந்தவர் இன்னிக்கு வரைக்கும் கிளம்பலை!

எங்க பக்கத்து நிலவரத்தைப் பாருங்க. கல்வராயன் மலையில பிறக்கிற கோமுகி, கச்சிராயபாளையம் பக்கத்து அணையில கொஞ்சம் தங்கி, இறங்கிப் போய் மணிமுக்தாவோட சேருது. மணிமுக்தா விருத்தாசலம் தாண்டி வெள்ளாத்துல கலக்குது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடலுக்குப் போகுது. வடகிழக்குப் பருவமழை நல்லாப் பெய்ஞ்சா ஒரு ஏரி நிரம்பி கலிங்கு வழியா வழிஞ்சு, அடுத்த ஏரிக்குப் போகும். தண்ணி போற வழியிலதான் மீனும் போகும். நம்ம முன்னோர் வெட்டி வெச்ச வாய்க்கால், வேண்டாத மீனுக்கு ஹைவேஸ் ஆகிடும். இங்கே ஒரு ஏரியில விட்டது இங்கேயே நிக்கும்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் டூர் போறப்ப "பாவம், சுதந்திரமா நீந்தட்டும்"னு கவர்ல கொண்டுபோய் விடுற கருணை வள்ளல்களுக்கும் இதே பதில்தான்.

அதனால வெளியே விடுற தண்ணியை ஒரு பழைய வேட்டித் துணியில வடிகட்டுங்க. வெட்டின செடியை வெயில்ல மொறுமொறுன்னு காயவெச்சுக் குப்பையில போடுங்க. மீன் வேண்டாம்னா கடையில திருப்பிக் கொடுங்க, இல்லை ஃப்ரெண்டுக்குக் கொடுங்க. ஏரிக்கு மட்டும் கொடுக்காதீங்க.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி 6 கேள்வி

1. வாரம் எத்தனை வாளி? நீளம், அகலம், உயரத்தை அடியில பெருக்கி, 28-ஆல பெருக்கி, நாலால வகுத்தா லிட்டர் வந்துடும்.

2. ஓஸ் எந்த ஜன்னல் வழியா, எந்த வாசல் வழியா போகும்? தொட்டி வைக்கிற இடத்தை இதைப் பார்த்து முடிவு பண்ணுங்க. வெயில் நேரா விழுற ஜன்னல் ஓரம் மட்டும் வேண்டாம், தண்ணி பச்சையாகிடும்.

3. தண்ணி குடிக்கப் போற செடி எது?

4. பிளக் பாயின்ட் தண்ணிக்கு எட்டாத தூரத்துல இருக்கா?

5. வாங்குற மீன் எவ்வளவு பெருசா வளரும்? கடையில இருக்கிற சைஸைப் பார்த்து ஏமாறாதீங்க.

6. நீங்க ஹாஸ்டல்ல இருக்கும்போது யார் தண்ணி மாத்துவாங்க? அவங்களால முடியுமான்னு அவங்ககிட்டயே கேட்டீங்களா?

ஆறுக்கும் பதில் இருந்தா தைரியமா வாங்குங்க. அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் பதில் இல்லைன்னா 2 அடித் தொட்டி, பத்து கப்பியோட ஆரம்பிங்க. குட்டி போட்டுப் பெருகினா ஃப்ரெண்ட்ஸுக்குப் பங்கு போடுங்க. வாரம் ஒரே வாளி. ஓஸைக் கறிவேப்பிலைப் பக்கம் திருப்பி விட்டுட்டு அம்மா பாட்டுக்கு சீரியல் பார்க்கலாம்.

அடுத்த வாரம்: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறது எப்படி? மீன் தண்ணியை ஊத்தலாமான்னு கேட்கிறவங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடுறேன். கூடாது! வர்ட்டா?